கப்பல் சுற்றுலா போக நினைக்கும் மலையகக் குடும்பங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ போய், அங்கே சுற்றுலாக் கப்பல் ஏறி வரும் குடும்பங்கள் இப்போது உண்டு. பெரும்பாலும் வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறார்கள். போய் வந்தவர்களிடமும் என்னிடமும் ஊரில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வயதானவர்களோடு போகிறவர்களை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

கொழும்பிலேயே கப்பல் ஏற முடியாதா?

கொழும்புத் துறைமுகத்துக்குப் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வருகின்றன. ஆனால் அநேகமானவை வேறெங்கோ புறப்பட்டு, வழியில் ஒரு நாள் நின்று போகிறவை. கண்டி தலதா மாளிகைப் பக்கம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். நாம் பயணத்தைத் தொடங்க வசதியான இடம் சிங்கப்பூர். அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் மூன்று நான்கு இரவுப் பயணங்கள் அடிக்கடி இருக்கின்றன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வரத் தொடங்கியது. அதுவும் சென்னையில் ஏறி சென்னையில் இறங்கும் பயணம். இந்த அட்டவணைகள் வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே கப்பலை உறுதி செய்துகொண்டு பிறகு லீவு போடுங்கள்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடுவது பயணிகள் படகுச் சேவை. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைதான் முழுச் செலவா?

இல்லை. இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளாமல் போனவர்கள்தான் திரும்பி வந்து மனம் நொந்து பேசுகிறார்கள்.

விளம்பரத்தில் இருப்பது ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேருக்கான காசை, அல்லது அதற்குக் கிட்டத்தட்ட, கட்ட வேண்டி வரும். துறைமுக வரி தனி. ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று பல கம்பெனிகள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை கணக்கில் சேர்க்கும். நான்கு பேர், நான்கு இரவு என்று பெருக்கிப் பாருங்கள், சின்னத் தொகை இல்லை. இன்டர்நெட், போத்தல் குளிர்பானம், மதுபானம், சில விசேஷ உணவகங்கள், துறைமுகத்தில் ஊர் சுற்றும் பஸ் எல்லாம் தனிக் காசு. சாதாரணச் சாப்பாடு, தண்ணீர், தேநீர், மாலை நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் ஆகியவை பெரும்பாலும் கட்டணத்துக்குள் அடங்கும்.

விளம்பர விலைக்கு மேல் இன்னும் பாதியாவது கையில் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. விமான டிக்கெட்டும் புறப்படும் ஊரில் ஓர் இரவு தங்கும் செலவும் அதற்கும் வெளியே.

கப்பலுக்குள் காசுத்தாள் செல்லாது. ஏறும்போது ஓர் அட்டை தருவார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே பற்று அட்டை. செலவெல்லாம் அதில் ஏறி, கடைசியில் உங்கள் வங்கி அட்டையில் கழியும். சம்பளக் கணக்கின் டெபிட் அட்டையைக் கொடுத்தால், முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகை திரும்பி வர நாட்கள் ஆகலாம். வரவேற்பு மேசையில் பணமாகவே கட்டி வைக்கவும் பல கப்பல்களில் விடுவார்கள், கேட்டுப் பாருங்கள். கணக்கை தினமும் ஒரு தடவை பாருங்கள். தப்பாக ஏறியதை அன்றைக்கே சொன்னால் திருத்துவது சுலபம்.

விசா?

கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் விசா தேவைப்படும் நாடுகள் உண்டு. சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. ஆனால் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இன்டர்நெட்டில் நிரப்ப வேண்டும். சென்னையில் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கப்பல் இந்தியாவை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், நீங்கள் இந்தியாவுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். ஒரு நுழைவு மட்டுமே உள்ள விசா அதற்குப் போதாது. கடவுச்சீட்டு, பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும்.

முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. என்னைக் கேட்டால், அவர்களுக்காகத்தான் இந்தப் பயணமே. முப்பது நாற்பது வருடம் மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த கால்கள் அவை. பஸ் சுற்றுலாவில் தினமும் பெட்டி கட்டி, தினமும் புது ஹோட்டல் படி ஏறி, அரை மணி நேரத்தில் கோயிலைப் பார்த்துவிட்டு ஓடி வர அவர்களால் முடியாது. கப்பலில் ஒரு தடவை பெட்டியைத் திறந்தால் போதும். கட்டில் அதே இடத்தில் இருக்கும், ஊர் மட்டும் மாறும். எல்லாத் தளத்துக்கும் லிஃப்ட் உண்டு.

ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

குளியலறை வாசலில் சில அங்குல உயரத்தில் ஒரு படி இருக்கும். இரவில் தூக்கக் கலக்கத்தில் போகிறவர்களின் கால் அதில்தான் தட்டும். ஒரு சின்ன இரவு விளக்கைக் கொண்டு போங்கள், பேட்டரியில் எரிவதாக இருந்தால் நல்லது. கழிப்பறையில் பொத்தானை அழுத்தியதும் பெரிய சத்தத்தோடு உறிஞ்சும். முதல் தடவை பயந்துபோவார்கள், நீங்களே ஒரு முறை அழுத்திக் காட்டிவிடுங்கள். பல்கனிக் கதவும் வெளித் தளக் கதவுகளும் பாரமானவை, காற்றில் திடீரென்று அடித்து மூடும். கதவு நிலையில் கை வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அடுத்தது வழி தவறுவது. நீண்ட நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். லயத்தில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்தாலும் அது பிறந்து வளர்ந்த இடம், இது அப்படி இல்லை. பல கப்பல்களில் அறைக் கதவு இரும்பு, காந்தம் ஒட்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் படக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய்க் கதவில் ஒட்டிவிடுங்கள். ‘நுவரெலியா தபால் கந்தோர் படம் இருக்கும் கதவு’ என்றால் அம்மாவுக்கு இலக்கம் தேவைப்படாது. அப்படியும் அறை இலக்கத்தையும் தள இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி அவர்கள் பர்ஸில் வையுங்கள்.

சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சில துறைமுகங்களில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாமல் கடலில் நிற்கும், சிறு படகில் மாறிப் போக வேண்டும். முழங்கால் முடியாதவர்கள் அப்படி மாறுவது சிரமம். எந்தத் துறைமுகத்தில் அப்படி என்று முன்பே கேட்டு வையுங்கள்.

கிளினிக் மருந்துகளை எப்படிக் கொண்டு போவது?

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் தரும் மருந்து பெரும்பாலும் சின்னக் கடித உறையில் வரும். அதைப் பார்த்து வேறு நாட்டு அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. புறப்பட இரண்டு வாரம் முன்பே கிளினிக் கொப்பியோடு போய், நோய் என்ன, மருந்தின் பெயர் என்ன, அளவு என்ன என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் டொக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கொப்பியின் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து மருந்து இருக்கட்டும்.

எல்லாம் கைப்பையில்தான். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டால் அது அறை வாசலுக்கு வர மாலையாகிவிடும். பிரஷர், சீனி மருந்துகள் பெட்டிக்குள் போய்விட்டால் அந்த நேரம் வரை ஒன்றும் செய்ய முடியாது.

கப்பலில் டொக்டர் இருப்பார், ஆனால் கட்டணம் அதிகம். கடலிலிருந்து ஆளைக் கரைக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிறகு காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார்.

கினிகத்தேனை வளைவிலேயே வாந்தி வருகிறது. கடலில் என்ன ஆகும்?

பஸ் வளைவில் வரும் தலைச்சுற்றும் கப்பலில் வருவதும் ஒரே குடும்பம்தான், ஆனால் அசைவு வேறு. கப்பல் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக எழும். அந்த மெதுவான அசைவுதான் வயிற்றைப் புரட்டும். ஆகவே பஸ்ஸில் ஒன்றும் ஆகாதவருக்கும் கப்பலில் வரலாம். பஸ்ஸில் வருகிறவர் கட்டாயம் தயாராகப் போக வேண்டும்.

நல்ல செய்தி, சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் வழியில் பெரும்பகுதி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமாத்திரா, மறுபக்கம் மலாயாக் கரை, இரண்டும் அலையை மறைக்கும். முதல் பயணத்துக்கு அந்த வழியைத்தான் நான் சொல்வேன். பெரிய கப்பல்களின் அடிப்பக்கத்தில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகளும் உண்டு.

சினாரிசின் மாத்திரை பாமசியில் கிடைக்கும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பலன் குறைவு, இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கை நடுக்க நோய், அதாவது பார்க்கின்சன்ஸ், உள்ள பெரியவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு டொக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இஞ்சி சிலருக்கு உதவுகிறது. வெறும் வயிற்றோடு படுத்துக்கொள்வதை விட, கொஞ்சம் பிஸ்கட் சாப்பிட்டு, திறந்த தளத்துக்குப் போய், தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்தபடி இருப்பது நல்லது. போனைப் பார்த்தால் கூடிவிடும்.

எந்த அறை எடுப்பது?

கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். ஆட்டம் அங்கேதான் குறைவு. ஜன்னல் இல்லாத உள்ளறை ஆக மலிவு, தூங்க நல்ல இருட்டு. இளம் ஜோடிக்கு, பிள்ளைகளோடு நாள் முழுக்க வெளியே சுற்றுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் அப்பா அம்மாவுக்குக் கொஞ்சம் காசு கூட்டியாவது ஜன்னலோ பல்கனியோ உள்ள அறையை எடுங்கள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு நான்கு சுவருக்குள் மூச்சு முட்டும். விடிந்ததா இல்லையா என்றே தெரியாமல் குழம்புவார்கள். மேல் தளத்தில் உணவகத்துக்கோ நடன மண்டபத்துக்கோ நேர் கீழே உள்ள அறையைத் தவிருங்கள், நாற்காலி இழுக்கும் சத்தம் விடியும் வரை கேட்கும்.

குளிர் உடுப்பு வேண்டுமா?

வேண்டும், உள்ளே ஏசி பலமாக இருக்கும். வெளித் தளத்திலோ புழுக்கம், வெயில். நுவரெலியாக்காரர்களுக்குக் குளிரை விட அந்தப் புழுக்கம்தான் கஷ்டம். பருத்தி உடுப்பு, தொப்பி, நிறையத் தண்ணீர்.

ஊரிலிருந்து எப்போது புறப்பட வேண்டும்?

விமானத்துக்கு முந்திய நாளே கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ இறங்கிவிடுங்கள். கப்பல் புறப்படும் ஊருக்கும் ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். இரண்டும் வேண்டும். மழையில் ஒரு மண்மேடு சரிந்தால் அவிசாவளைப் பாதை பல மணி நேரம் நின்றுவிடும். 2025 நவம்பரில் டித்வா புயலில் நம் பாதைகளும் கோச்சிப் பாதையும் பட்ட பாட்டை நாம் எல்லோரும் கண்டோம். விமானம் தவறினால் அடுத்ததில் போகலாம், கப்பல் தவறினால் கட்டிய காசு போய்விடும். சிங்கப்பூரில் ஒரு இரவு ஹோட்டல் செலவு என்று யோசிக்க வேண்டாம், அது வீண் செலவு இல்லை.

தேத்தண்ணிக்குக் கேத்தல் கொண்டு போகலாமா?

கூடாது. மின்கேத்தல், அயன் பொக்ஸ், சோறு சமைக்கும் குக்கர், மெழுகுவர்த்தி, சாம்பிராணி எதையும் விட மாட்டார்கள். கடலில் தீதான் பெரிய ஆபத்து. பெட்டியை ஸ்கேன் பண்ணும்போது பிடிபட்டால் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில் தருவார்கள். பல பிளக் பூட்டும் நீள வயரையும் பல கப்பல்கள் அனுமதிப்பதில்லை.

கொண்டு போக வேண்டியது நல்ல பிளாஸ்க் ஒன்றும் வீட்டுத் தேயிலைத் தூளும். கப்பலில் இருப்பது நூல் கட்டிய தேயிலைப் பை. நம் ஆட்களுக்கு அது சாயம் பிடிக்காது. பஃபே உணவகத்தில் சுடுதண்ணீர்க் குழாய் இருக்கும், பல கப்பல்களில் இரவும் பகலும். எங்கள் அம்மா அதிகாலை ஐந்து மணிக்கே விழித்துவிடுவார், தோட்டத்துப் பழக்கம். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய் நிரப்பி, சின்ன வடியும் சில்வர் டம்ளரும் வைத்து அறையிலேயே சாயம் ஊற்றுவார். மூன்றாம் நாள், அறை துப்புரவு செய்யும் இந்தோனேசியத் தம்பிக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அவன் நின்றபடியே குடித்துவிட்டு, தூள் எந்த ஊரென்று கேட்டான். பொகவந்தலாவை என்று அம்மா சொன்ன விதத்தை இப்போதும் நினைப்பேன்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

சோறு கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து போகும் ‘ஜெண்டிங் ட்ரீம்’ போன்ற கப்பல்களில் ஹலால் சமையலும் இந்திய சைவச் சமையலும் தனியாகவே உண்டு. சைவமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள், முதல் இரவு சாப்பாட்டு மேசையில் மறுபடி சொல்லுங்கள். மூடிய பக்கெட்டில் பிஸ்கட், முறுக்கு, ஊறுகாய், சீனிச்சம்பல் கொண்டு போகலாம். கருவாடு வேண்டாம், ஏசி அறையில் பக்கத்து அறைக்காரருக்கும் அது கஷ்டம்.

பஃபேயிலிருந்து பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு துறைமுகத்தில் இறங்காதீர்கள். பல நாடுகளில் அதற்குத் தண்டப்பணம் உண்டு.

சாப்பிடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோவைரஸ் வயிற்றோட்டத்துக்குக் கையில் தேய்க்கும் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான் கழுவி அகற்றும்.

தாத்தா கப்பல் என்றாலே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

வற்புறுத்த வேண்டாம். அந்தத் தலைமுறைக்குக் கப்பல் என்றால் பிரிவு. 1964 அக்டோபர் 30இல் இலங்கையும் இந்தியாவும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எழுதி, மலையகத் தமிழரான நம்மில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் உடன்பட்டன. மலையக ஸ்டேஷன்களில் அழுது பிரிந்து, கோச்சியில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறியவர்கள் நம் சொந்தங்கள். அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை என்று போன குடும்பங்கள் எத்தனையோ. அதைப் பார்த்தவரிடம் நீச்சல் குளத்தின் படத்தைக் காட்டிப் பயனில்லை.

முதலில் அவர் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள். பிறகு, இந்தக் கப்பல் ஏறிய இடத்துக்கே நம்மைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கும் என்று சொல்லி, திரும்பி வரும் விமான டிக்கெட்டைக் கையில் கொடுங்கள். அப்படிக் கொடுத்த பிறகு சம்மதித்தவர்களை எனக்குத் தெரியும். அப்படியும் மனம் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

கட்டாயம். 2012 ஜனவரியில் இத்தாலியில் ‘கோஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கே ஏறிய பயணிகள் பலருக்கு அதுவரை பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடக்க வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல் கேட்டால் ஆபத்து என்று அர்த்தம். ஆங்கிலம் விளங்காத பெரியவர்களுக்கு நீங்களே தமிழில் சொல்லுங்கள். ஒன்றுகூடும் இடத்துக்குப் படிக்கட்டு வழியாக ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டில் ஏறக் கூடாது.

துறைமுகத்தில் இறங்கினால் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

கப்பல் புறப்படும் நேரத்துக்கு அரை மணி நேரம், சில இடங்களில் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரம் கப்பல் நேரமா, கரை நேரமா என்று இறங்கும்போது கேளுங்கள், இரண்டும் வேறாக இருக்கலாம். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். புக்கெட்டில் போன் தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரம் மாறாமல் இருக்கலாம். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, கப்பல் நேரத்தை வைத்துக்கொள்வது மேல்.

கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் பிந்தினாலும் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். சொந்தமாக டாக்சி பிடித்துப் போனால் காத்திருக்காது. அதற்காக விலை கூடிய சுற்றுலாவையே எடுக்க வேண்டும் என்றில்லை. தூரம் போகாமல், இரண்டு மணி நேரம் முன்பே திரும்பி வந்தால் டாக்சி போதும். பினாங்கில் துறைமுகத்துக்குக் கிட்டவே லிட்டில் இந்தியா இருக்கிறது, தமிழிலேயே பேசிச் சாப்பிட்டு வரலாம்.

போன்?

ஏறியவுடன் ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் போன் தானாகக் கப்பலின் சொந்த வலையமைப்பில் சேர்ந்துவிட்டால் பில் மிகவும் கூடும். அப்பா அம்மாவின் போனையும் நீங்களே மாற்றிக் கொடுங்கள்.

கர்ப்பிணி, கைக்குழந்தை?

பயணத்துக்குள் 24 வாரம் தொடும் கர்ப்பிணிகளைப் பல கம்பெனிகள் ஏற்றாது. குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், சில வழிகளில் ஒரு வயது. பிள்ளை அப்பா அம்மா இருவரில் ஒருவரோடு மட்டும் போனால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கொண்டு போங்கள்.

கடைசி நாள் என்ன நடக்கும்?

முந்திய இரவே பெரிய பெட்டிகளைப் பட்டி கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் துறைமுக மண்டபத்தில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் உடுக்கும் உடுப்பு, செருப்பு, மருந்து, கடவுச்சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை வெளியே வையுங்கள். உடுப்பை எல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு, இரவு உடுப்போடு இறங்கியவர்கள் உண்டு. பெட்டிகளை நீங்களே தூக்கிக்கொண்டு முதலிலேயே இறங்கவும் விடுவார்கள், ஆனால் பெரியவர்களோடு அது வேண்டாம். விமானத்தை மத்தியானத்துக்குப் பிறகு போடுங்கள்.

கட்டுநாயக்கவில் இரவில் வந்து இறங்கினால் அன்றே வேன் பிடித்து மலை ஏற வேண்டாம். சாரதிக்கும் தூக்கம், உங்களுக்கும் தூக்கம். நீர்கொழும்பில் படுத்து எழும்பி, காலையில் கித்துல்கலையில் சாப்பிட்டு வெளிச்சத்தில் ஏறுங்கள். அப்பா அம்மாவுக்கு இரண்டு மூன்று நாள் நிலம் ஆடுவது போல இருக்கும், அது தானாகப் போய்விடும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.